சாம்பல் நிறப் பூ: ஒன்று, பெரியது

மேசைமேல் அறுபத்து மூன்று நூல் கண்டுகள் கிடந்தன. அவற்றின்மேல் என் இரண்டு கைகளும் இருந்தன. கையை எடுத்தால் கடற்காற்று விசாரணைப் பொருளைக் கொண்டுபோய் மணலில் சேர்த்துவிடும்.

"இவ்வளவும் எதுக்கு?" என்று கேட்டார் எங்கள் சூப்பிரண்டு.

"ஒரு பூங்கொத்துக்கு" என்றாள் எதிரே நின்ற பெண்.

"எத்தனை பூங்கொத்துக்கு?"

"ஒண்ணுதாங்கய்யா. கட்டில் விரிப்புக்கு நடுவுல தைக்கிறது."

சூப்பிரண்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைக்கிறார் என்றால் எதிரில் இருப்பவரை நம்பவில்லை என்று பொருள். ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை துடைப்பார். அந்தக் கண்ணாடியைப்போலச் சுத்தமான கண்ணாடியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் சுங்க இலாகாவில் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "அந்தக் காலத்தில் பெண்களுக்கு அங்கே என்ன வேலை?" என்று அஞ்சலட்டையில் கேட்டிருக்கிறார். இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் பெண்களையும் அவர்கள் சாமான்களையும் சோதிக்கும் வேலை, ஐயா. ஆண்கள் செய்தால் அடி விழும் வேலை. எந்தத் துறைமுகம் என்று சொல்லமாட்டேன். பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூப்பிரண்டின் பேரப்பிள்ளைகள் இந்த இதழைப் படிக்கிறார்கள்.

நியாயமான அளவு

அந்தப் பெண்ணின் பெயர் ஜெய்னம்பு. கீழக்கரைக்காரி. இருபத்தைந்து வயது இருக்கும். துணைக்குத் தாய்மாமன் வந்திருந்தார். பெயர் காதர். சுருட்டிப் பிடித்த குடையும் வியர்த்த கழுத்துமாக நின்றார். அவருக்குக் கொழும்பில் கடை. என்ன கடை என்று சூப்பிரண்டு கேட்டபோது, பாவம், உண்மையைச் சொல்லிவிட்டார்.

"பேன்சி கடைங்க. பட்டன், லேசு, நூலு..."

நூல் என்ற சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அதன் விளைவு அவருக்குப் புரிந்தது. குடையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

விதி எளிமையானது. கடைச் சரக்காக வந்தால் லைசென்ஸ் வேண்டும். பயணியின் சொந்த உபயோகத்துக்கு என்றால் நியாயமான அளவு விட்டுவிடலாம். நியாயமான அளவு எது என்று விதி சொல்லாது. அதைச் சொல்வதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். ஆளுக்கு ஒரு குடை நியாயம். இரண்டு குடை என்றால் மழைக்காலமா என்று யோசிப்போம். சோப்பு, சீப்பு, வாசனைத் தைலம் எல்லாவற்றுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. பூங்கொத்துக்கு இல்லை. அதுவரை ஒருவரும் பூங்கொத்து என்று சொல்லி நூலோடு வந்து இறங்கியதில்லை.

சந்தேகம் வந்தால் பொருளைத் தடுத்துவைத்துக் கோப்பை மேலே அனுப்பலாம். கோப்பு திரும்பி வரும்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் அனுப்பிய ஒரு கோப்பு ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பற்றியது. அது திரும்பி வந்தபோது கடிகாரக்காரர் காலமாகியிருந்தார். உத்தரவு அவருக்குச் சாதகமாகத்தான் வந்திருந்தது.

ஜெய்னம்புவின் தங்கைக்குக் கல்யாணம். இன்னும் ஏழு வாரம். தைக்கவே ஆறு வாரம் ஆகும். கோப்பு மேலே போனால் விரிப்பு இல்லை.

"இல்லாட்டா என்ன? கடையில ஒரு விரிப்பு வாங்கிப் போடு" என்றார் சூப்பிரண்டு.

அவள் அவரைப் பார்த்த பார்வையில், உப்பு இல்லாமல் சோறு சாப்பிடச் சொன்ன மனிதரைப் பார்ப்பதுபோல ஓர் இரக்கம் இருந்தது.

"ஐயா, எங்க ஊருல மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவாரு. அவருக்குன்னு ஒரு அறை கட்டிக் கொடுப்போம். அறையத் தொறக்கிற அன்னிக்கு மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைக அத்தனை பேரும் வந்து பாப்பாங்க. கட்டில் விரிப்ப அக்கா தங்கச்சிக கையால தைக்கணும். கடைத்துணி கிடந்துச்சுன்னா, இந்த வீட்டுப் புள்ளைகளுக்குக் கை இல்லையான்னு கேட்டுருவாங்க. அத எங்க தெரு மறக்காது."

"இந்த நூலு ராமநாதபுரத்துல கிடைக்காதா?"

"கிடைக்கும். என் கல்யாணத்துக்கு அந்த நூலுலதான் தச்சோம். ஒரு தடவை தண்ணியில போட்டதும் சிவப்பு ஓடிப்போயி வெள்ளை மல்லி அம்புட்டும் ரோசாவா ஆயிருச்சு. இன்னைக்கு வரைக்கும் என் மாமியா அதச் சொல்லிச் சிரிக்கிது. என் தங்கச்சிக்கு அது வேணாங்கய்யா."

என் சான்றிதழ்

சூப்பிரண்டு நல்ல மனிதர். நல்லவர் என்பதால் தானே முடிவெடுக்கமாட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உத்தரவிட்டார். எந்தப் பூவுக்கு என்ன நிறம், என்ன தையல், எத்தனை கண்டு என்று பயணி ஓர் எழுத்துமூலத் திட்டம் தர வேண்டும். கணக்கு நேரானால் நூல் போகலாம். மிஞ்சினால் அவ்வளவும் சரக்கு. சாயங்கால ரயில் புறப்படும் முன் முடிக்க வேண்டும்.

"நீயே உக்காந்து எழுதி, சரிபாத்துக் கையெழுத்துப் போடும்மா" என்றார் என்னிடம். "நீ பொம்பளை. அதோட உன் சர்ட்டிபிகேட்ல தையல்ல முதல் வகுப்புன்னு இருக்கு."

இருந்தது உண்மை. அதற்கு ஒரு முன்கதை உண்டு.

எனக்குக் கமுதிப் பக்கம். அய்யா, அதாவது என் அப்பா, பருத்தி விற்ற கையோடு என்னை மதுரையில் கன்னியாஸ்திரிகளின் பள்ளி விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தையல் வகுப்பு. என் ஊசி துணியில் ஏறியதைவிட விரலில் ஏறியது அதிகம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தையல் தண்ணீர்பட்ட பாடு, அல்ஜீப்ரா வராது. எனக்கு அல்ஜீப்ரா வரும். மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். மூன்று வருஷம் அவளுடைய சமன்பாடுகள் என் கையெழுத்திலும் என் கைக்குட்டைகள் அவள் கைவேலையிலும் நடந்தன. இருவருக்கும் பரிசு கிடைத்தது. இருவரும் நேர்மையான பெண்கள் என்று கன்னியாஸ்திரிகள் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆக, ஒரு பூங்கொத்தைச் சரிபார்க்க அந்தக் கடற்கரையிலேயே மிகத் தகுதி குறைந்த பெண் நான்தான். விதிகள் எல்லாம் எனக்குத் தெரியும். ஊசி தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல நடத்துவதும் ஒரு நடைமுறைதான். தாளில் நான்கு கட்டம் போட்டேன். பூ. நிறம். தையல். கண்டு.

சகன் அளவு

"பூங்கொத்து என்ன அளவு?" என்று கேட்டேன்.

"ஒரு சகன் அளவு, ஆபீஸரம்மா."

சகன் என்பது அவர்கள் வீட்டு விருந்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. அரசாங்க அளவைகளில் அது இல்லை. அவள் கையை விரித்துக் காட்டினாள். நான் அடிக்கோலை வைத்துப் பார்த்து இருபது அங்குலம் என்று எழுதினேன்.

அவள் என் பென்சிலை வாங்கி, வருகைப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் நாலைந்து கோடு இழுத்தாள். நடுவில் ஒரு ரோஜா வந்து உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் தாழம்பூ வாள்போல நீண்டது. கீழே மல்லிகை. இடைவெளியில் கனகாம்பரம். காம்புகளைச் சேர்த்து ஒரு நாடா முடிச்சு. இவ்வளவையும் மூன்று நிமிஷத்தில் வரைந்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இதெல்லாம் ஒரே பருவத்தில் பூக்காதே" என்றேன். எதையாவது ஆட்சேபிக்காவிட்டால் சரிபார்த்ததாக ஆகாது.

"துணியில பருவம் ஏதும்மா?"

அதை ஏற்றுக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

ரோஜாவுக்குப் பதினான்கு கண்டு. ஏழு விதச் சிவப்பு, விதத்துக்கு இரண்டு. உள்ளே ரத்தச் சிவப்பில் ஆரம்பித்து வெளியிதழில் குழந்தையின் உள்ளங்கை நிறத்துக்கு வர வேண்டுமாம். ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை என்று மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு சிவப்பு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

"ஏழு எதுக்கு? மூணு சிவப்பு போதாதா?"

"மூணு போட்டா படிக்கட்டு மாதிரி தெரியும். ரோசாவுல எவளாச்சும் படி ஏறுவாளா?"

மல்லிகைக்கு ஆறு. ஊசியில் நூலைச் சுற்றி இழுத்து இதழ் இதழாக விட்டுப் போகும் தையல். கனகாம்பரத்துக்கு நான்கு, முடிச்சுத் தையல். காம்புக்கு மூன்று, முறுக்கிய கயிறுபோலப் போகும் காம்புத் தையல். நாடாவுக்கு வெளிர்நீலம் ஆறு. இலைக்கு ஐந்து பச்சை, பச்சைக்கு மூன்று, மொத்தம் பதினைந்து. அதற்கு மீன்முள் தையல்: நடு நரம்பிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகப் போகிறது, நெத்திலி முள்ளைப்போல.

இந்த ஒன்றை மட்டும் நான் உடனே புரிந்துகொண்டேன். பக்கத்து மேசையில் யாரோ ஒரு பயணியின் கருவாட்டு மூட்டை பிரிபட்டுக் கிடந்ததும் ஒரு காரணம்.

தாழம்பூவுக்கு எட்டு கண்டு. நான்கு நிறம் என்றாள். நான்கும் எனக்கு ஒரே நிறமாகத் தெரிந்தன. மல்லிகையின் வெள்ளையைப் பக்கத்தில் வைத்தால் மட்டும் லேசாக மஞ்சளடித்தது.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த சூப்பிரண்டுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. "பிடிச்சேன்!" என்றார். "ஒரே நிறத்துல எட்டு கண்டு. இது கடைச் சரக்கு."

அரிக்கன் விளக்கு

"ஐயா, இத வெயில்ல பாக்கக் கூடாது" என்றாள் ஜெய்னம்பு. "அறைக்குள்ள சன்னல் கிடையாது. வெளக்குதான். வெளக்கு வெளிச்சத்துக்குன்னு பாத்துத்தான் நான் கலரு எடுத்தேன். இங்கன இருட்டா ஒரு எடம் இருக்கா?"

இருந்தது. தடுத்துவைத்த சாமான்களைப் போடும் கிடங்கு. பட்டப்பகலில் அரிக்கன் விளக்கைக் கொளுத்திக்கொண்டு நாங்கள் நான்கு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினோம். வெளியே வரிசையில் நின்ற பயணிகள் என்ன நினைத்திருப்பார்கள் என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

அவள் ஒரு பெட்டியின்மேல் என் கறுப்புக் குடையை விரித்து, அதன்மேல் இரண்டு நூலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ஐயா, இதுல எது மல்லி, எது தாழம்பூ?"

சூப்பிரண்டு குனிந்தார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி குனிந்தார். பிறகு அதிகாரத்தோடு ஒன்றைத் தொட்டு, "இது மல்லி" என்றார்.

"அது தாழம்பூங்கய்யா."

விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் இளமஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகிவிடுகின்றன. என் கண்ணாலேயே பார்த்தேன். அதனால்தான் அடுத்தடுத்து அழுத்தமான மஞ்சள்கள் அவளுக்குத் தேவைப்பட்டன. நீலமும் பச்சையும்கூட அப்படி ஒன்றாகிவிடும். அதனால் நாடாவை வெளிர்நீலத்தில் எடுத்து இலைகளுக்கு எட்டாமல் கீழே தள்ளியிருந்தாள். கொழும்பில் மாமன் கடையின் பின்கட்டில், பகல் நேரத்தில் கதவைச் சாத்தி விளக்கு வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து நிறம் பொறுக்கியதாகச் சொன்னாள்.

"என் யாவாரம் ரெண்டு நாளு படுத்துப் போச்சுங்க" என்றார் காதர் இருட்டிலிருந்து. அன்று அவர் தயங்காமல் சொன்ன ஒரே வாக்கியம் அது.

வெளியே வந்த சூப்பிரண்டு முகத்தில் பழைய நிச்சயம் இல்லை. "எல்லாத்தையும் கூட்டிக் கொண்டா" என்று சொல்லிவிட்டுக் கருவாட்டு மூட்டையின் பக்கம் போனார். அங்கே அவருக்கு விஷயம் தெரியும்.

மிச்சம் ஏழு

கூட்டினேன். ஐம்பத்தாறு.

மேசையில் இருந்தது அறுபத்து மூன்று. மிச்சம் ஏழு கண்டு. ஏழும் ஒரே நிறம். அடுப்புச் சாம்பலின் நிறம்.

"இது எந்தப் பூவுக்கு?" என்று கேட்டேன்.

ஜெய்னம்பு முதல்முறையாகத் தடுமாறினாள். "இது எனக்கு இல்லம்மா. அடுத்த வீட்டு மைமூன் தொழுகை விரிப்புல பள்ளிவாசல் மினாரா தைக்கிறா. நீ கொழும்புக்குத்தான போற, சாம்பக் கலருல ஏழு வாங்கியான்னு சொல்லி விட்டா."

அவர்கள் ஊரில் அதுதான் வழக்கம். ஒருவர் கப்பலேறினால் தெருவே அவரிடம் சொல்லியனுப்பும். மறுப்பது மரியாதையில்லை. வாங்கி வந்ததை மறைப்பதும் மரியாதையில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள். எத்தனையோ பேர் எங்கள் மேசையில் இந்த நேர்மையால்தான் கெட்டார்கள். ஏனென்றால் அடுத்தவருக்காகக் கொண்டுவருவது சொந்த உபயோகம் ஆகாது. அந்த ஒரு வரியை நான் எழுதினால் ஏழு கண்டு மட்டுமல்ல, மற்ற ஐம்பத்தாறின் பேச்சும் சந்தேகத்துக்குரியதாகி, அறுபத்து மூன்றும் கிடங்குக்குப் போகும்.

பேனாவை எடுத்து மூடினேன். மறுபடி திறந்தேன்.

"நீ இப்ப ஏதோ சொன்ன. காத்துல எனக்குக் கேக்கல" என்றேன்.

"மைமூனுக்குன்னு..."

"கேக்கலைன்னு சொன்னேன்ல?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் எட்டாவது வரியை எழுதினேன். சாம்பல் நிற மலர். ஒன்று. தையல்: சங்கிலி. கண்டு: ஏழு.

அவள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "யா அல்லா! ஏழு கண்டு ஒரே பூவுக்கா? அது எம்புட்டுப் பெருசும்மா வரும்?"

அது நியாயமான கேள்வி. ஒரு கண்டில் ஆறு இழை, பிரித்துத்தான் தைப்பார்கள், ஆகவே ஒரு கண்டு வெகுதூரம் ஓடும். இதெல்லாம் முதல் வகுப்புக்காரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் "ஒன்று" என்பதற்குப் பக்கத்தில் "பெரியது" என்று சேர்த்து எழுதினேன். முப்பத்து மூன்று வருஷப் பணியில் நான் தயாரித்த ஒரே பொய் ஆவணம் ஒரு பூ.

கிளிகள் வாபஸ்

சூப்பிரண்டு திட்டத்தைப் படித்தார். எட்டாவது வரியில் நிற்கவே இல்லை. ஆறாவது வரியில், இலையில்தான் நின்றார்.

"பச்சை அஞ்சு விதம் இருக்கு. ரெண்டு கிளியும் போட்டா லட்சணமா இருக்கும்ல?"

"எங்க வீடுகள்ல உசிருள்ளதத் தைக்க மாட்டோங்கய்யா" என்றாள் ஜெய்னம்பு.

கிளிகள் வாபஸ் பெறப்பட்டன. முத்திரை விழுந்தது. அத்தோடு முடிந்திருந்தால் இந்த வாரம் நான் வேறு எதையாவது எழுதியிருப்பேன். ஆனால் நல்ல மனிதர்கள் முன்ஜாக்கிரதைக்காரர்கள். அவர் முத்திரைக்குக் கீழே சொந்தக் கையால் ஒரு நிபந்தனை சேர்த்தார். திட்டத்தில் மாறுதல் இல்லாமல் தைத்து முடித்து, உபயோகத்துக்கு எடுக்கும் முன் துணியை இந்த அலுவலகத்தின் பெண் ஊழியரிடம் காட்ட வேண்டும். அதற்குக் காதர் ஜாமீன். மாறுதல் இருந்தால் காதருக்கு இனிக் கப்பலேற அனுமதி இல்லை.

காதருக்குக் கடை அந்தக் கரையில். அவர் கையெழுத்துப் போடும்போது குடை கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

ரயில் பெட்டியில் ஏறப்போகும்போது ஜெய்னம்பு என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "ஆபீஸரம்மா, சாம்பல்ல எங்கனம்மா பூ பூக்குது?"

"பூக்கும். உத்தரவு இருக்கு" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். தைக்கப்போவது நான் இல்லையே.

அறை பார்த்தல்

ஏழாவது வாரம் கீழக்கரையிலிருந்து கடிதம் வந்தது. வேலை முடிந்தது, மாப்பிள்ளை வீட்டார் அறை பார்க்க வருகிறார்கள், அன்று காலையிலேயே வந்து பார்த்துவிட்டுப் போகவும். ராமநாதபுரத்தில் பஸ் மாறிப் போனேன். பஸ் வழியில் இரண்டு முறை நின்று தண்ணீர் குடித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது.

ஜன்னல் இல்லாத உள்ளறை. அத்தரும் புதுச் சுண்ணாம்பும் கலந்த வாசனை. இரண்டு பக்கமும் கண்ணாடி விளக்குகள் எரிந்தன. கட்டிலில் வெள்ளை விரிப்பு. நடுவே பூங்கொத்து.

நான் கையில் திட்டத்தோடு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரோஜாவில் படிக்கட்டு இல்லை. தாழம்பூவைக் கிள்ளி எடுக்கலாம்போல் இருந்தது. எட்டாவது வரியைத் தேடினேன். ரோஜாவுக்கு மேலே, குமாஸ்தாக்களுக்கு நடுவில் கலெக்டர் உட்கார்ந்ததுபோல ஒரு பெரிய பூ. ஆனால் அது நீலமாக இருந்தது.

"மாத்திட்டியா?" என்றேன். "உங்க மாமா ஜாமீன் என்ன ஆறது?"

"மாத்தல. அதே ஏழு கண்டுதான், சங்கிலித் தையல்தான். தாழம்பூவுக்கு எடுத்த மஞ்சள்ல மிச்சம் பிடிச்சு அதச் சுத்தி வேலி மாதிரி போட்டேன். மஞ்சளுக்குள்ள உக்காந்தா சாம்பல் வெளக்குல நீலமாத்தான் நிக்கும். உள்ளங்கைய வச்சு மஞ்சள மறைச்சுப் பாருங்க."

மறைத்தேன். சாம்பல். கையை எடுத்தேன். நீலம். நான் அதை நாலைந்து முறை செய்ததாக ஞாபகம். அறிக்கை எழுதப் பேனாவைத் திறந்தேன். அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். முன்னால் மாப்பிள்ளையின் பெரியம்மா. கனத்த உடம்பு, வெற்றிலைச் சிவப்பேறிய வாய். கட்டிலைத் தட்டினார். தலையணையை மோந்து பார்த்தார். விரிப்பைத் திருப்பிப் பின்பக்கம் முடிச்சுகளைப் பார்த்தார். எங்கள் இலாகாவில் அவர் இருந்திருந்தால் ஒரு குண்டூசியும் நாட்டுக்குள் வந்திருக்காது.

"வெளக்குல எல்லாம் அழகாத்தான் தெரியும். முத்தத்துக்குக் கொண்டாங்க" என்றார்.

நாலு பேர் நாலு முனையைப் பிடித்து விரிப்பை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோனார்கள். உச்சிவெயில் நேராக விழுந்தது. பெரிய பூ சாம்பலாக நின்றது.

பெரியம்மா குனிந்து விரலால் தொட்டார்.

"ஏ புள்ள ஜெய்னம்பு, இது என்ன கலரு?"

பெரியம்மா நிமிர்ந்தார்.

"நான் சொல்லவா? சாம்பலு. கல்யாணக் கட்டில்ல சாம்பல் பூவா? அடுப்புல இருந்து அள்ளுனியா, இல்ல எங்க வீட்டுப் புள்ள நல்லா இருக்கக் கூடாதுன்னு வச்சியா?"

கதவுக்குப் பின்னால் நின்ற தங்கையின் வளையல் சத்தம் நின்றுபோனது. பெரியம்மா அந்த வார்த்தையோடு வெளியே போனால் அந்தப் பெண் காலமெல்லாம் அதோடுதான் வாழ வேண்டும். ஜெய்னம்பு பேசாத பெண் அல்ல, சூப்பிரண்டையே மடக்கியவள். இப்போது என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு வாயை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். நூல் யாருடையது, அந்த வரியை எழுதியது யார் என்று சொன்னால் என் வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். தங்கையின் கல்யாணத்தைப் பணயம் வைத்து என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. என்மேல்தான்.

"அது அவ வச்ச பூ இல்ல. நான் வச்சது" என்றேன்.

பெரியம்மா திரும்பினார். "நீ யாரு?"

"சுங்க ஆபீஸ்."

திட்டத்தைப் பிரித்து, மேல்முறையீட்டு மன்றத்தில் வாசிப்பதுபோல வாசித்தேன். "வரிசை எண் எட்டு. சாம்பல் நிற மலர். ஒன்று. பெரியது. தையல், சங்கிலி. மாறுதல் கூடாது. கீழ இருக்கிறது சர்க்கார் முத்திரை. இந்தப் பூவை இவ போடாம விட்டிருந்தா இவ மாமா இனிமேக் கப்பலேற முடியாது. இது உத்தரவு."

"பெருசுன்னு எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு."

"எழுதுனது யாரு?"

"நான்தான்."

"உனக்குத் தையல் தெரியுமா?"

பத்துப் பன்னிரண்டு பெண்கள் என்னைப் பார்த்தார்கள். "தெரியாது" என்றேன்.

பெரியம்மா சிரிக்க ஆரம்பித்தார். வெற்றிலை தெறிக்காமல் வாயில் கையை வைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரித்தார். "அதான பாத்தேன்! தையல் தெரிஞ்ச எவளும் இப்பிடி ஒரு பூவ நெனச்சிருக்க மாட்டா." சிரிப்பு அடங்கியதும் மறுபடி குனிந்தார். இந்த முறை வெகுநேரம் பார்த்தார். மஞ்சள் வேலியை விரலால் சுற்றி வந்தார். "இருங்க, இருங்க. உள்ள கொண்டு போங்க."

விளக்குக்குள் போனதும் பூ நீலமானது. பெரியம்மா முற்றத்துக்கு எடுத்துவரச் சொன்னார். சாம்பல். மறுபடி உள்ளே. நீலம். மூன்றாம் தடவை தூக்கிவரச் சொன்னபோது முனையைப் பிடித்திருந்த ஒரு பெண், "கை வலிக்கிது பெரியம்மா" என்றாள்.

"சர்க்காரு கிறுக்குத்தனமா ஒரு பூவ எழுதிக் கொடுக்கும். அதையும் கொண்டாந்து இப்பிடி நிக்க வச்சிருக்கா" என்றார் பெரியம்மா. "எங்க வீட்டுல ஒருத்திக்கு வருமா இது? சொல்லுங்கடி."

என் முதுகுக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்: "என் மினாரா அங்கன பூத்துக் கெடக்கு." திரும்பிப் பார்த்தேன். அடுத்த வீட்டு மைமூனாகத்தான் இருக்க வேண்டும். அவளுக்கு மட்டும் முகத்தில் சிரிப்பே இல்லை.

பெரியம்மா என் கையிலிருந்த தாளைக் காட்டி, "அந்தக் காயிதத்தக் கொடுத்துட்டுப் போ. முத்திரையோட அறையில மாட்டணும். சர்க்காரு பூ எங்க மருமக கட்டில்ல இருக்குன்னா நாலு பேருக்கு அத்தாட்சி வேணும்ல?" என்றார்.

"மூலத்தைக் கொடுக்க முடியாதும்மா. அது கோப்புல இருக்கணும். வேணும்னா உண்மை நகல் எழுதித் தாரேன்."

"எழுது."

முற்றத்தில் ஒரு பாயை விரித்து உட்கார்ந்தேன். எட்டு வரிகளையும் நிபந்தனையையும் எழுத்து மாறாமல் எழுதினேன். ஓரத்தில் உண்மை நகல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு மூலத்தின் பின்பக்கத்தில் என் அறிக்கையை எழுதினேன்: பார்வையிட்டேன், அனுமதித்த திட்டப்படி உள்ளது. அந்த வாக்கியத்தில் ஒரு பொய்யும் இல்லை. அதற்கு அந்தப் பெண் ஆறு வாரம் உட்கார்ந்திருந்தாள்.

பெரியம்மா நகலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "முத்திரை எங்க?"

"முத்திரை ஆபீஸை விட்டு வெளிய வராது. கையெழுத்து இருக்கு."

அவர் கையெழுத்தை வெகுநேரம் ஆராய்ந்தார்.

"கோணலாத்தான் இருக்கு" என்றார். பிறகு விரிப்பின் நாலு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பக்கம் திரும்பினார். "ஏன் நிக்கிறீக? கொண்டுபோய்க் கட்டில்ல விரிங்க."